அக்கா வீட்டுப் போணி

அத்தியாயம் 11

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பேச்சிச்செல்வி அதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றாள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் மகள் வடிவின் பாதி பின்னின சடை. அடுப்பை அணைக்க மூன்றாவது கைக்கு எங்கே போவாள்?

போனில் தம்பி பெண்டாட்டி செண்பகம்.

"மைனி, உங்க தம்பி இன்னும் காப்பு அறுக்கல."

"என்னளா சொல்லுத? தசரா முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சே!"

"ஆச்சு. ஊரெல்லாம் காப்பை அறுத்துட்டு கோழிக்குழம்பு வச்சுத் தின்னாச்சு. இங்கன ஒருத்தரு ஒருநேரக் கஞ்சியக் குடிச்சிட்டு வெறுந்தரையில கிடக்காரு. லோடுக்கும் போகல. கேட்டா, 'அக்கா வீட்டுப் போணி விழல, நான் எப்படி அறுக்க'ன்னு என்னைய முறைக்காரு. நான் என்ன பண்ண மைனி? நானா கேட்டைப் பூட்டினேன்?"

பேச்சிச்செல்வி சடையை இறுக்கிப் பிடித்தாள். கேட்டைப் பூட்டினது அவளும் இல்லை. ஆனால் பூட்டின கேட்டுக்கு உள்ளே இருந்தது அவள்தான்.

பொன்னுதுரை அவளுக்கு ஒரே தம்பி. உடன்குடியில் லோடு வண்டி ஓட்டுகிறான். வருடா வருடம் தசராவுக்குக் குலசைக் கோயில் முத்தாரம்மனுக்கு மணிக்கட்டில் காப்புக் கயிறு கட்டி, விரதம் இருந்து, காளி வேஷம் போடுவான். வேஷத்தோடு வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கின காணிக்கையைக் கோயிலில் செலுத்திவிட்டுத்தான் காப்பை அறுப்பான். காணிக்கை வாங்க அவன் கையில் இருப்பது ஒரு எவர்சில்வர் பாத்திரம், ஊர்ப்பேச்சில் போணி. அன்றைய முதல் வியாபாரத்தைப் போணி என்கிற கடைக்காரக் குடும்பம் ஆனதால், அதில் விழுகிற முதல் காணிக்கையையும் அவன் போணி என்றுதான் சொல்லுவான். 'போணியில போணி எங்க அக்கா வீட்டுல இருந்துதான் விழணும்' என்பது அவனாக வைத்துக்கொண்ட நியமம். அக்கா வீட்டில் விழாமல் வேறு யாரிடமும் ஒரு ரூபாய் வாங்க மாட்டான்.

இந்த வருட வேஷம் வடிவுக்காக. போன மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, பிழைப்பாளோ மாட்டாளோ என்று ஆஸ்பத்திரியில் கிடந்த மருமகளுக்காக அவன் நேர்ந்துகொண்டது.

அப்படிப்பட்டவன் தசராவுக்கு மேளத்தோடு வந்து நீலமுத்து அபார்ட்மென்ட் கேட்டில் நின்றபோது, 'வேஷக்காரர்கள், வசூல் கோஷ்டிகள் உள்ளே வர அனுமதி இல்லை' என்ற போர்டைக் காட்டி வாட்ச்மேன் தடுத்தார். செக்ரட்டரி தேசிக் கீழே நின்று, "யாருக்காவது தெரிஞ்சவங்களா?" என்று மேலே பார்த்துக் கேட்டார்.

இரண்டாம் மாடி பால்கனியில் பேச்சிச்செல்வியின் புருஷன் லிங்கராஜ் நின்றிருந்தான். வாய் திறக்கவில்லை. வாசல் கதவைப் பூட்டின சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது. கதவுக்கு உள்பக்கம் அரிசித் தட்டோடு பேச்சிச்செல்வி நின்றிருந்தாள்.

பொன்னுதுரை அத்தானை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தான். காலிப் போணியோடு திரும்பிப் போய்விட்டான்.

"நான் இன்னைக்கே கொண்டு வாரேன்னு சொல்லு செண்பகம். அரிசியும் துட்டும் அவன் கையிலயே குடுத்திருதேன்."

"அதையும் கேட்டாச்சு. 'அக்கா கொண்டு வந்து குடுத்தா அதுக்குப் பேரு சீரு. காணிக்கைன்னா நான் வேஷத்தோட அவ வீடு தேடிப் போகணும்'ங்காரு. உங்க குடும்பத்து வீம்பு மைனி. எனக்கு வெளங்கல."

போன் வைத்தாயிற்று. பால் தீய்ந்த வாசம் வீடெல்லாம் பரவியது.

"அம்மா, சடை!" என்றாள் வடிவு. முழுப்பெயர் அருணாசலவடிவு. அபார்ட்மென்ட் பிள்ளைகள் அதை 'வடி' என்று சுருக்கியதில் அவளுக்குத் தீராத மனக்குறை. "சீக்கிரம் பின்னும்மா. சாயங்காலம் ஹாலோவீன் இருக்கு. ஸ்கூல் விட்டு வந்ததும் எனக்கு வௌவால் இறக்கை ஒட்டணும்."

"என்னது அது, எனக்கு ஒண்ணும் புரியல."

"பேய் மாதிரி வேஷம் போட்டுட்டு வீடு வீடாப் போவோம். கதவைத் தட்டி 'ட்ரிக் ஆர் ட்ரீட்'னு கேப்போம். மிட்டாய் தருவாங்க. தரலன்னா சேட்டை பண்ணுவோம்னு அர்த்தம்."

பேச்சிச்செல்வியின் கை சடையிலேயே நின்றது.

"வேஷம் போட்டுட்டா?"

"ஆமா."

"வீடு வீடாவா?"

"ஆமாம்மா! குரூப்ல மெசேஜ் வந்திருக்கு, பாரு."

பார்த்தாள். எல்லா வீட்டுக்காரர்களும் மதியத்துக்குள் ஐம்பது மிட்டாய் கொண்டு வந்து ஹாலில் பொதுக்கூடைக்குத் தர வேண்டும். வேஷமிட்டு வரும் வெளிவிருந்தினர்களுக்கும் கேட்டில் அனுமதி உண்டு. கீழே செக்ரட்டரி பெயர். பக்கத்தில் சிரிக்கிற பூசணிக்காய்.

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. ஒரு வாரம். ஒரே வாரத்துக்கு முன்னால் இதே கேட்டில்தான் 'வேஷக்காரர்கள் அனுமதி இல்லை'.

"நம்ம மாமா சேட்டையாம்மா பண்ணாரு? ஏன் அவரை உள்ள விடல?" என்று கேட்டாள் வடிவு. கேட்டுவிட்டு அவள் பாட்டுக்குப் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

* * *

சாக்லேட் வாங்கி வருகிறேன் என்று முந்தின நாள் சொன்ன லிங்கராஜ் வழக்கம்போல் மறந்திருந்தான். தூத்துக்குடி ஹார்பரில் கன்டெய்னர் சரக்குகளுக்கு கஸ்டம்ஸ் வேலை முடித்துக் கொடுக்கிற சின்ன ஆபீஸ் அவனுடையது. போன் செய்தால், "கப்பல் நிக்குது, இப்பப் போயி மிட்டாய்ங்கியே" என்று வைத்துவிட்டான்.

பேச்சிச்செல்வி வீட்டில் இருந்ததை எடுத்தாள். வறுத்த அரிசிமாவு, பாசிப்பயற்று மாவு, தம்பி அனுப்பின கருப்பட்டி. பாகு காய்ச்சி, சுக்கு கொஞ்சம் தூக்கலாகத் தட்டிப் போட்டு, சூடு ஆறுவதற்குள் பொரிவிளங்காய் உருண்டை பிடித்தாள். உள்ளங்கை சிவந்து போனது. வெள்ளைத்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி, சிவப்பு நூலால் கட்டினாள். கோபத்தில் பிடித்த உருண்டை. கல் மாதிரி வந்திருந்தது.

ஐம்பதைப் பையில் போட்டுக் கீழே கொண்டு போனாள். ஹாலில் செக்ரட்டரியின் மனைவி விஷ்ணுப்ரியா கறுப்புக் காகிதத்தில் சிலந்தி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்கோ செல்வி! அடடே, நீங்களே பண்ணினதா? எவ்வளவு சிரமம்!" என்றவள் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். முகம் லேசாகத் தயங்கியது. "தப்பா நினைச்சுக்காதீங்கோ. கடைப் பாக்கெட் மட்டும்னுதான் பேசியிருக்கோம். ஏதாவது குழந்தைக்கு அலர்ஜி அது இதுன்னா என்னைத்தான் கேப்பா."

பையைத் திருப்பித் தரவில்லை. மேஜைக்கு அடியில் வைத்தாள்.

அதோடு விட்டிருந்தால் பேச்சிச்செல்வி அவளை நிம்மதியாக வெறுத்திருப்பாள். விஷ்ணுப்ரியா விடவில்லை. "நாங்க முன்னாடி இருந்த டல்லாஸ்ல எங்க தெருவே இன்னைக்கு ஜேஜேன்னு இருக்கும். இங்க வந்ததுலேர்ந்து எங்க பையன் சுதர்சனுக்கு ஒரு ஃப்ரெண்டு கிடையாது. ரூமை விட்டே வரமாட்டேங்கறான். அதான் இவரோட சண்டை போட்டு இதை வச்சேன். அவன் ஒருநாள் சிரிச்சாப் போறும் எனக்கு."

இதற்கு மேல் எப்படி வெறுப்பது? அதுவும் ஓர் எரிச்சலாகச் சேர்ந்துகொண்டது.

"மேடம், வேஷம் போட்டு யாரு வந்தாலும் கேட்டுல விடுவாங்களா?"

"பின்ன? வாட்ச்மேன் மனுவேல்கிட்ட சொல்லியாச்சு."

"எந்த வேஷமா இருந்தாலுமா?"

"எதுவா இருந்தாலும்! எவ்வளவு பயங்கரமோ அவ்வளவு நல்லது. ப்ரைஸ் உண்டு."

படியேறும்போதே தம்பிக்குப் போன் போட்டாள்.

"எலே துரை, இன்னைக்கு சாயங்காலம் வா. வேஷத்தோட வா. இன்னைக்கு ஒரு பய உன்னைத் தடுக்க மாட்டான்."

விவரம் கேட்டான். அவள் ஹாலோவீன் கதையைச் சொன்னாள்.

"எக்கா. நான் கட்டுறது அம்மா வேஷம். பேய்க் கூட்டத்துக்கு நடுவுல கொண்டாந்து அம்மாவை நிறுத்தச் சொல்லுதியா?"

"இல்லலே... கேட்டு தொறந்திருக்கும்னுதான்..."

"அன்னைக்கு மூடின கேட்டு எனக்காகத் தொறக்கட்டும். பேய்க்குத் தொறக்கிற கேட்டுல நான் எதுக்கு நுழையணும்?"

வைத்துவிட்டான். பேச்சிச்செல்வி மாடிப்படியிலேயே உட்கார்ந்தாள். தூரத்தில் உப்பளம் வெயிலில் வெள்ளையாகக் கண்ணைக் குத்தியது. வீம்பு பிடித்த ஒரு தம்பி, வாய் திறக்காத ஒரு புருஷன், கல்லாய்ப் போன ஐம்பது உருண்டை. யார் மேல் முதலில் கோபப்படுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

* * *

சாயங்காலம் பழைய குடைத்துணியை வெட்டி வடிவுக்கு இறக்கை தைத்துக் கொடுத்து அனுப்பினாள். பிறகு என்ன நினைத்தாளோ, தட்டில் அரிசி பரப்பி, நடுவில் குங்குமச் சிமிழ் வைத்து, கதவுக்குப் பக்கத்தில் தயாராக வைத்தாள். வரமாட்டேன் என்று சொன்னவன் வந்தாலும் வருவான் அல்லவா.

மணி அடித்தது.

திறந்தாள். விரிந்த கருமுடி, சிவந்த வாய், நீட்டிய கை. குனிந்து அரிசியை இரண்டு கையாலும் அள்ளினாள். "வாங்கம்மா, தாயே" என்று சொல்லிக்கொண்டே நீட்டிய பாத்திரத்தில் போட்டாள். குங்குமம் தொட்டு நெற்றியைத் தேடும்போதுதான் அந்த நெற்றி தன் இடுப்பு உயரத்தில் இருப்பது புத்தியில் ஏறியது.

"ஆன்ட்டி," என்றது ரத்தக்காட்டேரி, தன் பிளாஸ்டிக் பூசணிக்காய்க்குள் எட்டிப் பார்த்து. "இது ரைஸா?"

பின்னால் நின்ற எலும்புக்கூடுகள் விழுந்து விழுந்து சிரித்தன. அவர்களோடு வந்த ஒரு அம்மா போனில் வீடியோ எடுத்தபடி, "செல்வி, சான்ஸே இல்ல! இன்னொரு தடவை பண்ணுங்க!" என்றாள்.

பேச்சிச்செல்வி அவசரமாக உருண்டைகளை எடுத்துக் கொடுத்தாள். தனக்கென்று வைத்திருந்த நாலைந்து. ஒரு சூனியக்காரி கடித்துப் பார்த்துப் பல்லைப் பிடித்துக்கொண்டாள். ஒரு எலும்புக்கூடு தாளைக்கூடப் பிரிக்காமல் வராந்தாவில் பவுலிங் போட்டது. உருண்டை சுவரில் மோதித் திரும்பி வந்தது. உடையவில்லை.

லிங்கராஜ் வீட்டுக்கு வந்தபோது அவன் போனில் அந்த வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"குரூப் பூராவும் சிரிக்குது. ஏளா, உனக்குக் கொஞ்சமாவது இது இருக்கா?" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினான். "சின்னப்பய கால்ல விழப் பாத்திருக்க!"

"வேஷம் போட்டவுக வாசலுக்கு வந்தா எங்க வீட்டுல அப்படித்தான் பழக்கம். உங்க வீட்டுலயும் அதானே பழக்கம்?"

"அது ஊர்ல. இங்கன தேசிக் சார் கம்பெனி சரக்கு இல்லன்னா நாளைக்கே நம்ம ஆபீஸ் ஷட்டரை இழுத்து மூடணும். தெரியும்லா?"

"தெரியும். அதுக்காகத்தானே மச்சினனைத் தெரியாதுன்னு நின்னீங்க."

"தெரியாதுன்னு நான் சொல்லல."

"தெரியும்னும் சொல்லலையே! கல்யாணத்துக்கு முந்தி நீங்களும் குலசைக்குக் குரங்கு வேஷம் கட்டினவுகதான். எங்க தெருவுல வந்து வாழைப்பழத்தைப் பிடுங்கித் தின்னுட்டு என்னைப் பாத்துப் பல்லைக் காட்டினவுகதான். அதைப் பாத்துச் சிரிச்சுத்தானே நான் இங்கன வந்து மாட்டினேன்?"

லிங்கராஜுக்கு வாய்வரை சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை முழுங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அது அப்போ" என்றான்.

"இப்போ அவன் ஒருநேரக் கஞ்சியில கிடக்கான். உங்க மகளுக்காக. இன்னும் காப்பு அறுக்கல."

அவன் திரும்பிப் பார்த்தான். இது அவனுக்குப் புதுச் செய்தி. ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் இன்டர்காம் அலறியது.

"யக்கா, மனுவேல் பேசுதேன்." வாட்ச்மேனின் குரல் தணிந்திருந்தது. "நாளைமறுநாள்தான் கல்லறைத் திருநாளு, எங்க ஆளுக கல்லறைக்கு மெழுகுவர்த்தி கொண்டு போவோம். இந்தப் பிள்ளைக இன்னைக்கே செத்தவுகளை எல்லாம் எழுப்பிட்டு. இப்போ பேயெல்லாம் வாயைப் பொத்திக்கிட்டு நிக்கி. ஏன்னா உங்க தம்பி வந்திருக்காரு. முழு வேஷத்துல. எந்த வேஷம்னாலும் விடணும்னு மேடம் உத்தரவு, நான் விட்டுட்டேன். அன்னைக்குத் தடுத்தது மனசுல கிடந்து உறுத்திக்கிட்டே இருந்துச்சு, யக்கா."

* * *

லிஃப்ட் முழுக்க பேய்கள். பேச்சிச்செல்வி தட்டைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடினாள்.

கீழே, காகிதச் சிலந்திகள் தொங்கிய விளக்கு வெளிச்சத்தில், பொன்னுதுரை நின்றிருந்தான். தலையில் கிரீடமும் சடைமுடியும். முதுகில் கட்டிய கைகள் இரண்டு பக்கமும் விரிந்திருந்தன. சிவப்புப் புடவை. பல்லில் கடித்த சிவப்புத் தகடு நாக்கு. இடுப்போடு அணைத்த எவர்சில்வர் போணி. அவனுக்குப் பின்னால் லோடு வண்டிச் சாவியோடு செண்பகம். யார் பேச்சுக்கு இணங்கி அவன் வந்திருக்கிறான் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"வாவ்!" என்றாள் விஷ்ணுப்ரியா. "இதுதான் காஸ்ட்யூம்! சுதர்சன், பாத்தியா? ஃபர்ஸ்ட் ப்ரைஸ் இவருக்குத்தான்!"

அந்த ரத்தக்காட்டேரிதான் சுதர்சன். வாயைப் பிளந்துகொண்டு ஒவ்வொரு அடியாகக் காளிக்குப் பக்கத்தில் வந்தான்.

"ஏதாவது குடுக்கணுமே," என்று விஷ்ணுப்ரியா கூடைக்குள் கைவிட்டாள். கூடை காலி. குனிந்து மேஜைக்கு அடியில் தடவினாள்.

"மேடம், வேண்டாம்! போட்டுராதீங்க!" பேச்சிச்செல்வி கடைசிப் படியிலிருந்து கத்தினாள்.

பிள்ளைகளின் கூச்சலில் யாருக்குக் கேட்கும்? தகடு நாக்கைக் கடித்திருந்த பொன்னுதுரையால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. பின்னால் ஒரு அடி வைத்தான். விஷ்ணுப்ரியா அதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டாள். கையை நீட்டிப் போட்டே விட்டாள்.

டங்.

காலிப் போணியில் கல் விழுந்தது போல் ஒரு சத்தம். கூட்டமே அடங்கிப்போனது.

பேச்சிச்செல்வியின் தட்டிலிருந்து அரிசி சிந்தியது. முடிந்தது. வேறு யாரோ ஒருத்தி கையால் போணியாகிவிட்டது. விழுந்ததை எடுத்தெறிய முடியாது, அம்மனுக்கு விழுந்தது. ஒரு வருட நேர்ச்சையும் இத்தனை நாள் பட்டினியும் ஒரு பேய் மிட்டாயில் போய்ச் சேர்ந்துவிட்டது. அவளுக்கு அழுகை வரவில்லை. அந்தத் தட்டை அப்படியே சுவரில் அடிக்க வேண்டும் போல் இருந்தது.

பொன்னுதுரை போணிக்குள் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். மெல்லக் கையை விட்டு அதை எடுத்தான். வெள்ளைத்தாள். சிவப்பு நூல். முகர்ந்தான்.

தகடு நாக்கை வாயிலிருந்து எடுத்தான்.

"எக்கா. சுக்கு இம்புட்டு அள்ளிப் போடுறவ இந்தத் தூத்துக்குடியில ஒருத்திதான் இருக்கா."

"செல்வி பண்ணினதுதான் அது," என்றாள் விஷ்ணுப்ரியா குழப்பத்தோடு. "ஏன், ஏதாவது தப்பாயிடுத்தா?"

செண்பகம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தப்பில்லம்மா. அவுக வீட்டு உருண்டை, அவுக தம்பி போணியில விழுந்திருக்கு. மேஜைக்கு அடியில கிடந்தாலும் வழி தெரிஞ்சு வந்து சேந்துட்டு," என்றாள்.

பேச்சிச்செல்வி கிட்டே போய் இரண்டு கை அரிசியையும் அள்ளிப் போட்டாள். குங்குமத்தைச் சரியான நெற்றியில் வைத்தாள். குடைத்துணி இறக்கையோடு வடிவு ஓடி வந்து மாமாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். சுதர்சன் தன் பூசணிக்காயை நீட்டி, "இந்த ரைஸும் இவருக்கா?" என்று கேட்டான்.

"போடுலே மக்கா," என்றான் காளி.

"இனிக் காப்பை அறுத்துரலாம்லா?" என்றாள் பேச்சிச்செல்வி. "நாளைக்குக் காலையிலயே கோயிலுக்குப் போயிருங்க."

பொன்னுதுரை மேலே பார்த்தான். இரண்டாம் மாடி பால்கனியில், போன வாரம் நின்ற அதே இடத்தில், லிங்கராஜ் நின்றிருந்தான். செக்ரட்டரி தேசிக்கும் ஹால் வாசலுக்கு வந்து, எல்லோரும் எங்கே பார்க்கிறார்கள் என்று தானும் அண்ணாந்தார்.

பொன்னுதுரை காப்புக் கட்டின மணிக்கட்டை உயர்த்திக் காட்டினான்.

"போணி விழுந்துட்டு அத்தான்! கோயிலுக்கு நீங்களும் கூட வரணும். உங்க மகளுக்காகக் கட்டினது, உங்க முன்னாலதான் அறுப்பேன். தெரிஞ்சவன்னா இறங்கி வாங்க. இல்லன்னா இது என் கையிலயே கிடக்கட்டும்!"

தேசிக், லிங்கராஜைப் பார்த்தார். "உங்க ரிலேட்டிவா, லிங்கராஜ்?"

பால்கனி விளக்கு அணைந்தது.

மேலே ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து சாத்தினானா, உள்ளே போய்ச் சாத்தினானா, தெரியவில்லை. பேச்சிச்செல்வி லிஃப்டுக்கு முன்னால் போய் நின்றாள். கதவுக்கு மேலே சிவப்பு எண் இரண்டு என்று காட்டியது.

தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்கு வாம்மா," என்றாள் வடிவு.

"அப்பா கீழ வரட்டும்," என்றாள் பேச்சிச்செல்வி. "அவரு வராம நான் மேல ஏற மாட்டேன்."

எண் இன்னும் இரண்டிலேயே நின்றது.